எண்ணூர்ப் பாலம் வந்தால் எழுந்து நிற்போம்

காணும் பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு வருகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை நாலரைக்கு அப்பா விளக்கைப் போட்டுவிடுவார். "எழுந்திருங்க, ஏரிக்குப் போகணும்." எங்கள் வீட்டில் ஏரி என்றால் பழவேற்காடு மட்டும்தான். நாங்கள் திருவொற்றியூர்க்காரர்கள். அப்பா எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் மகாபலிபுரம் போனதையும் வண்டலூர் போனதையும் சொல்லும்போது நான் பழவேற்காட்டைச் சொல்வேன். எனக்கு ஆறு வயதில் ஆரம்பித்தது இந்தப் பயணம். அம்மா இறந்த வருஷமும் கொரோனா வருஷங்களும் தவிர ஏறக்குறைய எல்லாத் தையிலும் போயிருக்கிறோம். இப்போது அப்பாவுக்கு எழுபத்தாறு. முட்டி வலிக்கு மடக்கு ஸ்டூல் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறார். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அவருக்கு முன்னால் ஓடுகிறார்கள்.

கார் பிடித்துப் போகலாம் என்று என் வீட்டுக்காரர் ஒரு முறை சொன்னார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. திருவொற்றியூர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடிக்க வேண்டும், வலது பக்க ஜன்னலில் உட்கார வேண்டும். விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் தாண்டினதும் ரயில் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் ஏறும். அப்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். இது எங்கள் வீட்டுச் சட்டம். அந்த நேரத்துக்குக் கிழக்கு லேசாக வெளுத்திருக்கும். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், உயர் அழுத்தக் கம்பிக் கோபுரங்கள், அவற்றுக்குக் கீழே கழிமுகத்தில் ஒரு படகு, அதில் வலையை மெதுவாக இழுக்கிற ஒருவர். பாலம் முடிகிறவரை அப்பா ஒன்றும் பேசமாட்டார். முடிந்ததும் ஒவ்வொரு வருஷமும் அதே வாக்கியம்தான்: "இந்தத் தண்ணிதான் அங்கேயும். நாம தண்ணி கூடவேதான் போறோம்."

சின்ன வயதில் இது எனக்குப் புரியவில்லை. பிறகு ஒரு நாள் தாளில் வரைந்து காட்டினார். எண்ணூர்க் கழிமுகத்திலிருந்து காட்டுப்பள்ளி மணல் திட்டுக்குப் பின்புறமாக வடக்கே ஓர் உப்பங்கழி போகிறது. கூடவே பக்கிங்காம் கால்வாயும் போகிறது. இரண்டும் போய்ச் சேருகிற இடம் பழவேற்காடு ஏரி. 1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நீண்டது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்களைக் கூலிக்கு வைத்து மேலும் வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. வெட்டினவர்களின் பெயர் எங்கும் இல்லை. அப்பாவின் அம்மா, அதாவது எங்கள் ஆயா, பேசின் பிரிட்ஜ் பக்கம் பிறந்தவர். வடக்கே இருந்து விறகுப் படகுகளும் சுண்ணாம்புக் கிளிஞ்சல் படகுகளும் கால்வாய் வழியாக வந்து நின்றதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்த விறகில்தான் வீட்டில் சோறு வெந்ததாம். பழவேற்காடு எங்களுக்கு வெளியூர் இல்லை என்று அப்பா சொல்வதற்கு இதுதான் காரணம். அந்தத் தண்ணீரின் இந்த முனையில் நாங்கள் இருக்கிறோம்.

பொன்னேரியில் இறங்கி டீ குடித்துவிட்டு பஸ். தையில் அந்தப் பாதை பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். இரண்டு பக்கமும் சம்பா கதிர் தலைசாய்ந்து நிற்கும், சில வயல்களில் அறுப்பு நடக்கும், வைக்கோல் ரோட்டிலேயே காயும். திருப்பாலைவனம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் காற்று மாறும். முதலில் முகத்தில் ஒரு பிசுபிசுப்பு, அப்புறம் கருவாட்டு வாசனை. சின்னவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள். பெரியவன் இழுத்து மூச்சு விடுவான், அப்பாவைப் போலவே.

பழவேற்காடு இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. முதலாவது ஒடிசாவின் சிலிகா. ஏரியில் பெரும் பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு முனை மட்டும் நம் பக்கம். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கிற தீவுதான் ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டா. இவ்வளவு பெரிய ஏரி என்றதும் ஆழமாக இருக்கும் என்று நினைப்போம். பல இடங்களில் இடுப்பளவுதான். கண்ணுக்கெட்டிய தூரத்தில் நடு ஏரியில் ஓர் ஆள் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, "தண்ணி மேலே நிக்கிறாரும்மா" என்று பெரியவன் ஐந்து வயதில் கத்தியது ஞாபகம் இருக்கிறது.

மழைக்காலத்தில் ஆரணி ஆறும் மற்ற ஆறுகளும் கொண்டுவருகிற நல்ல தண்ணீர், முகத்துவாரம் வழியாக ஏறி இறங்குகிற கடல் தண்ணீர், இரண்டும் கலந்துதான் இந்த ஏரி. மழை முடிந்த கையோடு போனால் உப்பு குறைவாக இருக்கும், கோடையில் கரிக்கும். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடைத்துக்கொண்டால் இறாலும் மீனும் உள்ளே வர வழியில்லை. அப்பாவோடு வேலை பார்த்தவரின் மச்சான் ஒருவர் அங்கே மீன் பிடிக்கிறார். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். "முகத்துவாரம் தொறந்திருந்தாத்தான் எங்க வீட்ல அடுப்பு எரியும்" என்பார். எங்கள் ஆயா வீட்டு அடுப்பும் இந்தத் தண்ணீர் வழியே வந்த விறகில்தானே எரிந்தது என்று எனக்குத் தோன்றும்.

அவர் சொல்லித்தான் பாடு முறை எனக்குத் தெரியும். ஏரியில் நல்ல மீன்பாடுள்ள இடங்களை யார் முந்துகிறாரோ அவருக்கு என்று விடுவதில்லை. இன்றைக்கு இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். பொதுத் தண்ணீரைச் சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது, எங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்த முறைக்குள் எல்லோரும் இல்லை. அதையும் மாமாவேதான் சொன்னார்.

போன தையில் நான் கரையில் பார்த்த ஓர் அம்மா அந்த முறைக்கு வெளியே இருக்கிறவர். கரையோரம் தண்ணீரில் நாலைந்து பெண்கள் குனிந்திருந்தார்கள். இருளர் வீட்டுப் பெண்கள். தலையும் தோளும்தான் வெளியே தெரிந்தன. எங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர் பனை ஓலையில் பின்னிய பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார். பறி அவர் தாடைக்குக் கீழே மிதந்தது. இரண்டு கையும் சேற்றுக்குள். கைகள் என்ன செய்கின்றன என்று நமக்குத் தெரியாது. தோள் இரண்டும் மாறி மாறி லேசாக நகர்வது மட்டும் தெரியும். இறால் மேல் கை பட்டால் அது பின்பக்கமாகத் துள்ளும். துள்ளி வருகிற பக்கத்தில் இன்னொரு கை முன்னாலேயே போய்க் காத்திருக்கும். திடீரென்று ஒரு கை மேலே வந்தது. விரல் இடுக்கில் கண்ணாடி மாதிரி ஓர் இறால், உள்ளே கறுப்புக் கோடு, மீசை துடித்துக்கொண்டிருந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பறிக்குள் போட்டுவிட்டு மறுபடியும் குனிந்துவிட்டார்.

கால்மணி நேரத்தில் மூன்று இறால். அவர் கரையேறி உட்கார்ந்தபோது சின்னவள் பக்கத்தில் போய், "ஏன் கூடையை வாயில புடிச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். "கை ரெண்டும் வேலைக்கு வேணும்ல, கண்ணு" என்றார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தோல் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது. விரல் நுனியெல்லாம் கிளிஞ்சல் கிழித்த கோடுகள். கட்டைவிரல் அடியில் கெளுத்தி முள் குத்தின பழைய தழும்பு. விடிவதற்கு முன்னால் தண்ணீரில் இறங்கியவர். நாங்கள் கொண்டுபோன புளிச்சாதத்தைப் பிரித்து அவருக்கும் ஒரு பங்கு கொடுத்தோம். சாப்பிட்டு முடிக்கும்வரை பறியை மடியிலேயே வைத்திருந்தார்.

எண்ணூரிலும் இதேபோலக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே சேற்றில் அனல்மின் நிலையச் சாம்பலும் கலந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து கழிமுகத்தை மூடியதே, அடுத்த தையில் நாங்கள் அந்தப் பாலத்தைக் கடந்தபோது அலையாத்திச் செடிகளின் அடிப்பக்கம் ஒரே உயரத்துக்குத் தார் பூசின மாதிரி கறுத்திருந்தது. கரையில் கவிழ்த்து வைத்திருந்த படகுகளும் அப்படியே. அன்றைக்கு அப்பா அந்த வழக்கமான வாக்கியத்தைச் சொல்லவில்லை. அத்திப்பட்டு தாண்டி, நந்தியம்பாக்கம் தாண்டி, மீஞ்சூர் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பழவேற்காட்டு முனையை அழகாக வைத்துக்கொள்ள வேண்டும், அங்கே பறவை வருகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். இந்த முனையில் இருப்பதும் அதே தண்ணீர்தான், இதிலும் ஓர் அம்மா கையை விட்டுத் தடவுகிறார் என்பதை ஏன் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை? எனக்கு இதில் உள்ள ஆற்றாமை பெரிது.

பறவைக்கு வருகிறேன். பூநாரையை அருகில் பார்க்க வேண்டுமென்றால் ஊர்ப் படித்துறையில் நின்றால் போதாது. நாங்கள் ஆட்டோ பேசிக்கொண்டு அண்ணாமலைச்சேரிப் பக்கம் போவோம். மார்கழியில் ஏரி நிறைந்திருக்கும். அப்போது அவற்றின் காலுக்குக்கூட ஆழம் அதிகம். தை பாதிக்கு மேல் தண்ணீர் வடிய வடியத்தான் அவை மேயத் தோதான சேறு கிடைக்கும். அதனால்தான் அப்பா காணும் பொங்கலுக்குப் போகாமல் தள்ளிப் போகிறார். கூட்டமும் இருக்காது, பறவையும் இருக்கும்.

தூரத்தில் முதலில் பார்த்தால் உப்பளத்தில் குவித்த உப்பு மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. பர்மா பஜாரில் அப்பா வாங்கின பழைய பைனாகுலர் ஒன்று இருக்கிறது. ஒரு கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிட்டது, இன்னொன்று நன்றாகத் தெரியும். அதை முறை வைத்துப் பார்ப்போம். கோடு தனித்தனிப் பறவையாகப் பிரியும். கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகின் மேல்பக்கம் தரையைப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டுதான் அது சாப்பிடும். காலால் சேற்றை மிதித்து மிதித்துக் கலக்கும். கலங்கின தண்ணீரை அலகுக்குள் இழுத்து, சல்லடையில் வடிகட்டுவதுபோல வடித்து வெளியே தள்ளும். தங்கிப்போகிற நுண்ணுயிர்களும் சிறு கூனிகளும்தான் அதற்கு இரை. இறக்கையில் இருக்கிற அந்த இளஞ்சிவப்பும் இரையிலிருந்து வருகிற நிறம்தான். குஞ்சுகள் சாம்பல் நிறத்தில் இருக்கும். நிற்கும்போது வெள்ளையாகத் தெரிகிற பறவை பறக்கும்போதுதான் இறக்கையை விரித்து அந்தச் சிவப்பைக் காட்டும்.

அந்தச் சிவப்பைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. எனக்கும்தான். ஆனால் அதற்காகக் கைதட்டிக் கத்துவது, கல் எறிவது, தலைக்கு மேல் ட்ரோன் விடுவது எல்லாம் பெரிய பாவம். போன முறை சில இளைஞர்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஓடினார்கள். நூற்றுக்கணக்கான பறவைகள் ஒரே நேரத்தில் எழுந்தன. பார்க்க அழகுதான். ஆனால் அவை திரும்ப அந்த இடத்தில் இறங்கவேயில்லை. காலையிலிருந்து வடிகட்டிச் சேர்த்த தெம்பை ஒரு போட்டோவுக்காகச் செலவழிக்க வைத்தார்கள். அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து போய் அவர்களிடம் பேசினார். திட்டவில்லை. "தம்பி, நீங்க சாப்பிடும்போது யாராச்சும் இலையை இழுத்தா எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். ஒரு பையன் மன்னிப்புக் கேட்டான். அவனிடமே பைனாகுலரைக் கொடுத்து, தள்ளி நின்ற கூழைக்கடாக்களைக் காட்டினார்.

டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் பிள்ளைகள் கட்டாயம் போக வேண்டும் என்பார்கள். வாசலில் செதுக்கியிருக்கிற கல் எலும்புக்கூடுகளுக்காகத்தான். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கட்டிய கெல்ட்ரியா கோட்டை இருந்த இடம் இப்போது மேடும் முள்ளுமாகக் கிடக்கிறது. இங்கிருந்து துணி ஏற்றுமதி ஆனது. அதே துறைமுகத்திலிருந்து நம் ஜனங்களை அடிமைகளாகவும் கப்பலேற்றினார்கள். கல்லறைகளின் பூவேலையைப் பார்த்து வியக்கும்போது அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவேன். மலேசியாவில் கட்டமிட்ட கைலிக்கு இன்றும் 'பெலிக்காட்' என்றுதான் பெயர், இந்த ஊர்ப் பெயர்தான் அப்படித் திரிந்தது. அப்பா வீட்டில் கட்டுவதும் கட்டம் போட்ட கைலிதான். இதைச் சொன்ன நாளிலிருந்து சின்னவள் அதைத் 'தாத்தாவோட பழவேற்காடு' என்கிறாள்.

படகு பற்றிக் கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2011 கிறிஸ்துமஸ் அன்று, எங்களைப் போலவே உறவுக்காரர்களோடு சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஏறின படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் நாங்கள் போனபோது படித்துறையே ஓசையில்லாமல் இருந்தது. அதுவரை அப்பாவும் மாமாவின் படகில் எங்களை ஏற்றிப் போனவர்தான், லைப் ஜாக்கெட் என்ற ஒன்றை நாங்கள் பார்த்ததே கிடையாது. அன்றிலிருந்து ஒரு முறைகூட ஏற்றியதில்லை. யாராவது வந்து, சும்மா ஒரு ரவுண்டு என்று கூப்பிட்டால் தயவுசெய்து ஏறாதீர்கள். முகத்துவாரத்தில் ஏரியும் கடலும் முட்டுகிற இடத்து நீரோட்டம் கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. பழவேற்காட்டில் ஏரியைக் கடக்கிற பாலத்தில் நடந்து அந்தப் பக்கம் போனாலே போதும், லைட் அவுஸ் குப்பத்துக் கடற்கரை வந்துவிடும். அலையில் கால் நனைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பெண்களுக்கு இன்னொன்று: கழிப்பறை வசதியை நம்பிப் போகாதீர்கள், பொன்னேரியிலேயே முடித்துவிட்டுப் போவது நல்லது. குடிதண்ணீரும் கையோடு கொண்டுபோங்கள், காலி பாட்டிலையும் கையோடு கொண்டுவாருங்கள்.

திரும்பும் முன் நண்டு வாங்காமல் வரமாட்டோம். அம்மா இருந்தவரை அது அம்மாவின் இலாகா. களி நண்டைக் கொடுக்கு சேர்த்துக் கயிறு சுற்றி வரிசையாக வைத்திருப்பார்கள். பெரிதாக இருக்கிறதே என்று எடுத்துவிடக் கூடாது. கவிழ்த்து, கடைசிக் காலுக்குப் பக்கத்தில் வயிற்று ஓட்டைக் கட்டைவிரலால் அமுக்க வேண்டும். அமுங்கினால் தண்ணி நண்டு. அண்மையில் சட்டை கழற்றினது, உள்ளே சதை இருக்காது. கல் மாதிரி இருந்தால் எடுக்கலாம். போன தையில் நான் நாலு நண்டை அமுக்கிப் பார்த்துவிட்டு ஐந்தாவதைக் கையில் எடுத்தேன். விற்கிற அக்கா என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கம்மாவும் இப்படித்தான் அமுக்குவாங்க. கூடவே வருவாங்களே, செகப்புக் கல்லு மூக்குத்தி" என்றார். அம்மா போய் எட்டு வருஷம் ஆகிறது. நான் விலை பேசாமல் ஆறு நண்டு வாங்கினேன்.

பொன்னேரியில் ரயில் ஏறும்போது இருட்டிவிட்டது. நண்டுப் பை சீட்டுக்கு அடியில், ஈரச் சாக்குக்குள் சர்சர் என்று சத்தம். பெரியவன் என் வீட்டுக்காரர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். அப்பா ஸ்டூலை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். நாள் முழுக்க நின்றது, பாவம், தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். அத்திப்பட்டுப் புதுநகர் தாண்டி ரயில் கிளம்பினது. சக்கரச் சத்தம் மாறினதும் சின்னவள் சட்டென்று எழுந்து நின்றாள். கீழே தண்ணீரில் அனல்மின் நிலைய விளக்குகள் நீளநீளமாக ஆடின. அவள் அவர் முட்டியைத் தொட்டு, மெதுவாக ஆட்டினாள்.

"தாத்தா, பாலம்."

அவர் கண்ணைத் திறந்தார், கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.